ஐந்தாவது கட்டம்: ஊர்

3 அக்டோபர் 1954, ஞாயிறு

காலை ஜெபத்துக்கு உட்கார்ந்த நேரம் பார்த்துச் சுட ஆரம்பித்தார்கள். ஒரு குண்டு மாடித் தொட்டியில் பட்டு, ஒரு வாரத் தண்ணீரில் பாதி மண்ணுக்குப் போய்விட்டது. ஜெபத்தைப் பாதியில் விட்டு ஏணியில் ஏறி, ஓட்டையில் தக்கையை அடித்து, மேலே பிளாஸ்திரியை நாலு சுற்றுச் சுற்றினேன். கீழே நின்ற மூஸா காக்கா, "ஸிஸ்டரம்மா, இறங்குங்கோ, சுட்டுப்போடுவானுவோ" என்று கெஞ்சினார். என் வெள்ளைத் தொப்பி அரை மைலுக்குத் தெரியும். தெரிந்தும் சுடுகிறவனுக்குப் பயந்து இறங்கி என்ன ஆகப்போகிறது?

நடந்தது இதுதான். உம்மு ஸித்ர் என்ற இந்தச் சோலையும் சுற்றியிருக்கிற மணலும் தங்களுடையவை என்று இரண்டு அரச வம்சங்கள் நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒன்று கடற்கரையை ஆளும் மிஹ்ரான் வம்சம். இன்னொன்று வடக்குப் பாலையை ஆளும் ஜல்ஹம் வம்சம். தெற்கே உள்ள மண் கோட்டையில் மிஹ்ரானின் ஆட்கள் ஐம்பது பேர் நாலு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று விடியுமுன் ஜல்ஹமின் ஆட்கள் எட்டு லாரியில் வந்து வடக்கே பேரீச்சந்தோப்பைப் பிடித்துவிட்டார்கள். கோட்டைக்கும் தோப்புக்கும் நடுவில் எங்கள் பன்னிரண்டு கட்டில் ஆஸ்பத்திரி. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். நர்ஸுக்கு அப்படி ஒன்றையும் காணோம்.

டாக்டரம்மா பித்தப்பை ஆபரேஷனுக்காகக் கடற்கரைக்குப் போய் இருபது நாள் ஆகிறது. பொறுப்பு எனக்கு. காயல்பட்டினத்து மூஸா நெய்னாதான் எனக்கு மொழிபெயர்ப்பாளர், கம்பவுண்டர், கணக்கப்பிள்ளை எல்லாம். எங்கள் பக்கம் காக்கா என்றால் பறவை, அவர்கள் ஊரில் அண்ணன். வந்த புதிதில் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

5 அக்டோபர், செவ்வாய்

மாவு அரை மூட்டை. மண்ணெண்ணெய் இரண்டு டின். பொறுமை இல்லை.

8 அக்டோபர், வெள்ளி

காயம்பட்டவர்கள் ஏழு பேர். மிஹ்ரான் ஆட்கள் நாலு, ஜல்ஹம் ஆட்கள் மூன்று. எனக்கு இருப்பது ஒரே வார்டு. துப்பாக்கிகளை வாங்கித் துணி அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். "சண்டை போட ஆசைப்படுகிறவன் வெளியே போகலாம். திரும்பி வந்தால் கட்டில் கிடையாது" என்றேன். ஒருவரும் போகவில்லை. சாயங்காலம் பார்த்தால் மிஹ்ரான்காரன் ஒருவன் ஜல்ஹம்காரனுக்கு மலச்சட்டியை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் ஷம்ஸாவுக்குப் பிரசவம். இருபத்தைந்து வயதிருக்கும், நாலாவது பிள்ளை, வாய் நீளம். இரண்டு பக்கத்துக் காவலையும் திட்டிக்கொண்டே ஒட்டகத்தில் வந்து இறங்கினாள். இங்குள்ள வழக்கப்படி கையில் ஒரு சிறிய தோல்பை நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். பிறந்த குழந்தையைத் தாயின் ஊர்த் தண்ணீரில்தான் முதலில் குளிப்பாட்ட வேண்டுமாம். அந்தத் தண்ணீரைப் பற்றித் தாய் பொய் சொன்னால் பிள்ளைக்கு ஆயுசு முழுக்கத் தாகம் தீராதாம். முதல் வருஷம் அந்தத் தோல்பைகளைப் பார்த்து நான் போட்ட சத்தம் கொஞ்சமல்ல. இப்போது கொதிக்க வைத்து ஆற்றிக் குளிப்பாட்டுகிறேன். அவர்களுக்கும் சரி, எனக்கும் சரி.

பெண் குழந்தை, ஆறே முக்கால் பவுண்டு. பேரேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டாவது பிறப்பு. நாகர்கோவிலில் அச்சடித்து நான் கையோடு கொண்டுவந்த பேரேடு அது. ஐந்து கட்டம்: தேதி, தாய், தகப்பன், குழந்தை, ஊர். எல்லாம் தமிழில். டாக்டரம்மா மாதக் கடைசியில் மொத்தம் எத்தனை என்று கேட்பதோடு சரி. ஷம்ஸாவின் ஊர் ■■■■■. எங்கே இருக்கிறதோ அந்த ஊர், நான் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

12 அக்டோபர், செவ்வாய்

கத்தி, கத்திரிகளை ஆவியில் அவிக்கும் ஆட்டோகிளேவின் வால்வை நானே கழற்றி மாற்றினேன். இப்போது ரயில் மாதிரி சீட்டியடிக்கிறது.

மிஹ்ரானின் பிரதிநிதி மத்தார் வந்தார். பருத்த உடம்பு, அவர் வருவதற்கு முன்னால் அத்தர் வாசனை வந்து நிற்கும். வெள்ளைக் கொடி ஒன்றைக் கொண்டுவந்து, கூரைமேல் ஏற்ற வேண்டும் என்றார். வெள்ளைதான் மிஹ்ரானின் நிறம்.

"ஏற்றினால் தோப்பிலிருந்து சுடுவார்கள்" என்றேன்.

"ஏற்றாட்டி கோட்டையிலேர்ந்து சுடுவாங்க. சகோதரி, இந்த ஜனங்க மேல எங்க அரசருக்கு எவ்வளவு பாசம் தெரியுமா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அவர் போனதும் ஜல்ஹமின் பிரதிநிதி துவைஹி சிவப்புக் கொடியோடு வந்தார். ஒல்லி, கண்ணுக்கு மை, மருதாணித் தாடி. அதே பேச்சு, அதே பாசம். இரண்டு கொடியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல துணி. வெள்ளையில் எட்டுத் தூளி வரும். சிவப்பு சாயம் போகிறது, தரை துடைக்கத்தான் ஆகும். கொடிக்கம்பத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளைக் காயப்போட்டேன்.

16 அக்டோபர், சனி

இரண்டு மாதப் பழைய கடிதம் வந்தது. அண்ணன் தாசையன் எழுதியிருக்கிறான். எங்கள் தாலுகாக்கள் எந்த மாகாணத்தோடு சேர்வது என்ற சண்டையில் ஊர்வலம் போய் லாக்கப்பில் இருந்திருக்கிறான். "பிள்ளே, நம்ம தக்கலை ஆருக்குன்னு ரெண்டு கூட்டம் அடிச்சுக்கிட்டு நிக்குவு. தக்கலைக்காரன் கிட்ட ஒருத்தனும் கேக்கல்ல" என்று எழுதியிருந்தான்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கிளார்க் ஞாபகத்துக்கு வந்தார். தாய்மொழி என்ற கட்டத்தில் என்னைக் கேட்காமலே எதையோ எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எனக்குப் பத்து வயது. கட்டத்தில் எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

19 அக்டோபர், செவ்வாய்

சண்டை நின்றது. வெளிநாட்டு நடுவர்கள் மூன்று பேர் அடுத்த மாதம் மூன்றாம் தேதி இங்கே வந்து, சோலையும் மணலும் யாருடையவை என்று விசாரிக்கப் போகிறார்களாம். பாலைவனத்தில் வேலியும் கிடையாது, எல்லைக்கல்லும் கிடையாது. எந்தக் கிணற்றில் யார் குடிக்கிறார்கள் என்பதே அத்தாட்சி. கிணறு யாருக்கோ, சுற்றியுள்ள மண்ணும் அவனுக்கு.

மத்தாரும் துவைஹியும் ஒரே நாளில், அரை மணி இடைவெளியில் வந்தார்கள். இருவருக்கும் இப்போது என் பேரேடு வேண்டும். "எதற்கு?" என்றேன். "அதுலதான் எல்லாக் கிணறும் இருக்காமே" என்றார் மத்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் போனதும் மூஸா காக்காவைப் பிடித்தேன்.

"காக்கா, எனக்க பேரேட்டுல கிணறு எங்க இருக்கு? நான் ஊருதானே எழுதியிருக்கேன்?"

அவர் மருந்துத் தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"ஸிஸ்டரம்மா, கோவிக்கப்பிடாது. வந்த புதுசுல நீங்கோ எந்த ஊருன்னு கேக்கச் சொன்னிய. இவங்களுக்கு ஏது ஊரு? இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க. ஊருன்னு கேட்டா திருதிருன்னு முழிச்சாங்கோ. அதான் எந்தத் தண்ணின்னு கேட்டேன். பட்டுன்னு சொன்னாங்கோ."

"மூணு வருஷமாவா?"

"மூணு வருஷமாத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"நீங்கோ சந்தோஷமா எழுதிக்கிட்டு இருந்திய."

ஆக, நான் ஊர் என்று நினைத்து எழுதிய அத்தனையும் கிணறு. எந்த ஊரிலாவது ஒரு நாள் தடுப்பூசி முகாம் போட வேண்டும் என்று திட்டம் வேறு போட்டிருந்தேன். மணலில் ஒரு துளையைச் சுற்றி முகாம் போட்டிருப்பேன். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரித்தால் காக்காவுக்குத் துணிச்சல் வந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

20 அக்டோபர், புதன்

சிரிப்பு போய்விட்டது.

ஷம்ஸா வந்தாள். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. முதுகில் குழந்தை, பின்னால் ஏழெட்டுப் பெண்கள். கதவைச் சாத்திவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மொழிபெயர்க்க மூஸா காக்கா திரைக்கு அந்தப் பக்கம் நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, எங்க கிணத்துல பாதி எல்லாருக்கும் தெரிஞ்சது. மீதிய மூடி வச்சிருக்கோம். மேல கழி, தோலு, அதுக்கு மேல மணலு. மேலயே நடந்தாலும் தெரியாது. மழையில்லாத வருஷம் அதுலதான் உயிர் பிழைக்கிறோம். எங்க ஜனத்துக்கு வெளியே யாருக்கும் சொல்லமாட்டோம்."

"எனக்குச் சொன்னீர்களே."

"பிள்ளை பெக்கிற நேரத்துல கேட்டா பொய் சொல்ல முடியுமா?"

அதில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். ஷம்ஸா அவளை அதட்டிவிட்டுத் தொடர்ந்தாள். யார் ஜெயித்தாலும் ஒன்றுதானாம். பெயர் தெரிந்த மறுவாரம் ஒவ்வொரு கிணற்றிலும் நாலு துப்பாக்கி நிற்கும். ஆட்டுக்கு இவ்வளவு, ஒட்டகத்துக்கு இவ்வளவு, நேற்று எதிரி ஆட்களுக்குக் காபி ஊற்றியவனுக்குத் தண்ணீரே இல்லை. வடக்கே இவள் தாய்மாமன் கூட்டத்துக்கு அப்படித்தான் நடந்ததாம். இருநூறு ஆடும் இரண்டு குழந்தைகளும் செத்தார்களாம்.

"புத்தகத்தை எரிச்சிடு" என்றாள்.

அது எனக்கும் தோன்றியதுதான். ஆனால் நேற்றே துவைஹி சொல்லிவிட்டார்: "புத்தகம் காணாமப் போச்சுன்னா கவலையில்ல. அந்தத் தாய்மாருங்களையே கூட்டிட்டு வந்து ஒவ்வொருத்தியா கேப்போம்." எப்படிக் கேட்பார்கள் என்று அவர் சொல்லவில்லை. மத்தார் வேறு மாதிரி. நான் வாசிக்க மறுத்தால், எண்ணெய்க் கம்பெனி முகாமிலிருந்து தமிழ் படித்தவன் ஒருவனைக் கூட்டி வருவாராம். ஆக, புத்தகமும் இருக்க வேண்டும், அதில் ஐந்தாவது கட்டமும் நிரம்பியிருக்க வேண்டும், வாசிக்கவும் நான்தான் வேண்டும்.

"வீட்டுக்குப் போங்கள். பால் வற்றாமல் இருக்கப் பேரீச்சம்பழம் தின்னுங்கள்" என்று அனுப்பிவைத்தேன். 

21 அக்டோபர், வியாழன்

இந்த நோட்டில் எட்டாம் தேதிப் பக்கத்தில் ஒரு பெயரை மையால் அடித்தேன்.

22 அக்டோபர், வெள்ளி

பேரேட்டைக் கறையான் தின்னத் தொடங்கியிருக்கிறது. அப்படியே விட்டால் அழிந்துபோகும். அதே மாதிரி அச்சடித்த வெறும் பேரேடு ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதில் பிரதி எடுக்கத் தொடங்கினேன். மத்தியானம் எல்லாரும் படுக்கிற நேரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளிச்சம் போதும்.

மூஸா காக்கா எட்டிப் பார்த்தார். "கறையானா? மூணு வருஷமா இந்தக் கட்டடத்துல நான் ஒரு கறையானையும் பாக்கலையே."

"நான் பாத்தேன்."

அவர் பேரேட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காக்காவுக்குத் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதப் படிக்கத் தெரியும். அவருடைய மனைவிக்குப் போகும் கடிதமெல்லாம் அப்படித்தான். தமிழ் எழுத்து அவருக்கு ஜிலேபிதான்.

"நீங்கோ பாத்திருந்தா சரிதான்" என்று போய்விட்டார்.

24 அக்டோபர், ஞாயிறு

எழுபத்தெட்டு வரை பிரதி முடிந்தது. தேதி, தாய், தகப்பன், குழந்தை எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதிவிட்டேன். எழுதும்போது ஏனோ ஊர் ஞாபகம். நாகர்கோவிலிலிருந்து புறப்படும் பஸ்கள் எங்கெங்கே நிற்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே எழுதினால் கை நிற்காமல் ஓடுகிறது.

வார்டில் மிஹ்ரான்காரன் ஒருவனும் ஜல்ஹம்காரன் ஒருவனும் சீட்டு விளையாடி, தோற்றதற்கு அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்தேன்.

27 அக்டோபர், புதன்

டாக்டரம்மாவிடமிருந்து ஆள் வந்தது. "நேசபாய், நாளை போகும் லாரியில் ஏறிக் கடற்கரைக்கு வந்துவிடு. அங்கே உனக்கு ஆபத்து" என்று எழுதியிருக்கிறார். நல்ல மனுஷி. ஆட்டோகிளேவ் வால்வு பழுது, அதைச் சரி செய்யாமல் விட்டு வர முடியாது என்று பதில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

பிரதி முடிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு. கறையான் தின்றதை அடுப்பில் போட்டுக் குழந்தைகளுக்கு வெந்நீர் வைத்தேன். பழைய தாள், நன்றாக எரிந்தது.

31 அக்டோபர், ஞாயிறு

துவைஹி வந்து மிரட்டிவிட்டுப் போனார். வடக்குப் பக்கத்துக் கிணறுகள் ஜல்ஹமுடையவை என்று வருகிற மாதிரி வாசிக்காவிட்டால் ஆஸ்பத்திரியை இடித்துவிடுவாராம். மத்தார் வந்து ஆசை காட்டிவிட்டுப் போனார். தெற்குப் பக்கத்தை மிஹ்ரானுக்கு வாசித்தால் ஐம்பது கட்டிலில் புது ஆஸ்பத்திரியாம், வாசலில் என் பெயராம்.

இரண்டு பேரிடமும் ஒன்றையே சொன்னேன்: "எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிப்பேன். ஓர் எழுத்துக் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்."

3 நவம்பர், புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். 

கோட்டைக்கும் தோப்புக்கும் நடுவே பெரிய கூடாரம். மேடையில் நடுவர்கள் மூன்று பேர். தலைமை நடுவர் மூக்கெல்லாம் வெயிலில் உரிந்துபோன கிழவர். வலது பக்கம் மத்தார், இடது பக்கம் துவைஹி. நடுவில் இந்த மணலின் ஆண்கள் நூறு பேருக்கு மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே, கூடாரத் துணியை ஒட்டி, பெண்கள். அவர்கள் முகங்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவர்களுக்கும் தெரியாது. மூஸா காக்காவுக்கும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் குர்ஆன் மேல் சத்தியம் செய்துவிட்டுத் தவித்திருப்பார்.

பைபிள் மேல் கை வைத்து, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிப்பேன் என்று சத்தியம் செய்தேன். அந்த வார்த்தைகளையே போட வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். காக்கா, நான் வாசிக்கும் பெயர்களை அப்படியே திருப்பிச் சொல்வதாகச் சத்தியம் செய்தார்.

"ஐந்தாவது கட்டத்தின் தலைப்பு என்ன?" என்று தலைமை நடுவர் கேட்டார்.

"ஊர். ஒருவர் எங்கேயிருந்து வந்தவரோ அந்த இடம்."

"அந்தக் கேள்வி அரபியில் எப்படிக் கேட்கப்பட்டது?"

"எந்தத் தண்ணீர் என்று. மொழிபெயர்ப்பாளர் மூன்று வருஷமாக அப்படித்தான் கேட்டாராம். எனக்கே போன மாதம்தான் தெரியும்."

காக்கா தலையைக் குனிந்துகொண்டார். நடுவர் வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். "ஒன்று. தாய், மௌஸா. ஊர், தக்கலை."

பக்கத்தில் காக்காவுக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. ஒரு குவளைத் தண்ணீர் குடித்தார். என்னைப் பார்த்தார். நான் பேரேட்டைப் பார்த்தேன். கூடாரமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் அவர் வாயைத் திறந்து, இது எங்கள் நாட்டு ஊர் என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மூஸா நெய்னா மீசையைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, "தக்கலை" என்றார்.

முன்வரிசைப் பெரியவர் ஒருவரின் புருவம் மேலே போனது. நடுவர் இரண்டு தரப்பையும் பார்த்து, "இந்தக் கிணறு தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்று ஒருவர் சொல்லியிருந்தாலும் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் தெரியாது என்றால் அது உன்னுடையது இல்லை என்று ஆகிவிடுமே. மத்தார் எழுந்தார்.

"தக்கலை தெரியாம என்ன? எங்க அரசரோட பாட்டனார் வெட்டின கிணறு. ஏழு பேரீச்ச மரம் நிக்கும்."

"பொய்" என்று துவைஹி எழுந்தார். "தக்கலையில எங்க குதிரைங்க நூறு வருஷமா தண்ணி குடிக்குது. தண்ணி கொஞ்சம் உப்பு. மரமே கிடையாது."

"இரண்டு. தாய், கலீஃபாவின் மகள் நூரா. ஊர், குளச்சல்."

இந்தத் தடவை துவைஹி முந்திக்கொண்டார். குளச்சல் ஜல்ஹமின் ஒட்டகக்காரர்கள் தங்கும் கிணறாம். அங்கிருந்து கடலுக்குப் பத்து நாள் பயணமாம். குளச்சலிலிருந்து கடலுக்குப் பத்து நாள். நான் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன்.

மூன்று, இரணியல். நாலு, திங்கள்சந்தை. ஐந்து, கருங்கல். ஆறு, திருவட்டார். காக்கா ஒவ்வொன்றையும் பாங்கு சொல்கிற குரலில் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் இருவரும் எழுந்து சத்தியம் செய்தார்கள். இரணியலில் மிஹ்ரான் வரி வாங்கினாராம். திருவட்டாரில் ஜல்ஹமின் சித்தப்பா அடக்கமாகியிருக்கிறாராம். அழகியமண்டபத்தை வாயில் நுழைக்க முடியாமல் மத்தார் மூன்று தடவை திணறினார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "பேஷிபாரா எங்களோடது" என்று துவைஹி மார்பில் அடித்துக்கொண்டபோது பேச்சிப்பாறை அணையே எனக்குக் கண்ணில் தெரிந்தது. கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். இங்கே சொல்கிறவர்களே கிண்ணத்தோடு நின்றார்கள்.

நடுவில் உட்கார்ந்திருந்த நூறு பேருக்கும் இந்த மணலின் ஒவ்வொரு கிணறும் பெயரோடு தெரியும். இப்படி ஒரு கிணறும் இல்லை என்பதும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொருவராகத் தலைத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. ஒரு கிழவர் அடக்க முடியாமல் எழுந்து வெளியே ஓடினார். நடுவர் கேட்டபோது, புகை என்றார்கள். கூடாரத்தில் அடுப்பே இல்லை.

துவைஹிக்குக் கடைசியில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். மூஸா காக்காவைக் காட்டி, "இந்த ஆளு பேரை மாத்திச் சொல்றானா கேளுங்க" என்றார்.

காக்கா நெஞ்சில் கை வைத்தார். "அல்லாஹ் மேல ஆணை. ஸிஸ்டரம்மா வாசிச்ச பேர்ல ஓரெழுத்து நான் கூட்டல்ல, குறைக்கல்ல. அவங்க தக்கலைன்னாங்கோ, நானும் தக்கலைன்னேன்."

அதுவும் உண்மை. நான் சொன்னதும் உண்மை. எழுதியிருந்ததைத்தான் வாசித்தேன். இன்று அந்தக் கூடாரத்தில் பொய் சொன்னவர்கள் இரண்டே பேர்.

காக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். கிட்ட வந்த பிறகு, "குளச்சல்ல எங்க மச்சான் மீன் யாவாரம் பண்ணுறாரு" என்றார்.

"அப்பிடியா?"

"கடலு அவரு வீட்டு வாசல்ல இரிக்கி."

"துவைஹி பத்து நாளுன்னாரே காக்கா. பெரிய மனுஷன் பொய்யா சொல்லுவாரு?"

அவர் நடுவழியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதமாக அடக்கி வைத்தது எல்லாம் வந்தது. கொஞ்ச நேரம் அழவும் செய்தேன்.

4 நவம்பர், வியாழன்

தீர்ப்பு இல்லை, உத்தரவு.

இரண்டு தரப்பும் இந்தக் கிணறுகளைப் பற்றி மரம், உப்பு, கல்லறை வரை இத்தனை விவரமாகச் சொல்லியிருப்பதாலும், இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதாலும், ஒவ்வொரு கிணற்றையும் நடுவர்களுக்கு நேரில் காட்ட வேண்டும். காட்டி முடிக்கும் வரை ஜல்ஹமின் படை தோப்பையும் மிஹ்ரானின் படை கோட்டையையும் விட்டுப் போக வேண்டும். தேடிப் போகிறவர்கள் ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. துப்பாக்கியோடு எவனும் எந்தக் கிணற்றின் பக்கமும் போகக் கூடாது. கால வரம்பு எதுவும் சொல்லவில்லை.

மத்தாரின் அத்தர் வியர்வையில் கரைந்து போயிருந்தது. துவைஹி தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி ஒரு கிணறே தெரியாது என்று இப்போது சொன்னால் நேற்றைய நூறு சத்தியமும் பொய்யாகிவிடும். இரண்டு பேரும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்கள்.

கூடாரத்திலிருந்து வெளியே வரும்போது ஷம்ஸா என் வழியை மறித்தாள்.  குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, என் தொப்பியைக் கழற்றி, என் நெற்றியில் முத்தமிட்டு, தொப்பியைக் கோணலாகத் திருப்பி வைத்தாள். மற்றப் பெண்களும் வரிசையாக வந்தார்கள். தொப்பி போன இடம் தெரியவில்லை.

தாசையனுக்குக் கடிதம் எழுதினேன். "அண்ணா, தக்கலைக்கு அங்கே இரண்டு பேர்தானே சண்டை போடுகிறார்கள். இங்கே இன்னும் இரண்டு பேர் கிளம்பியிருக்கிறார்கள். தைரியமாக இரு. இவர்களுக்கும் கிடைக்காது."

9 நவம்பர், செவ்வாய்

கோட்டை காலி. வாசலில் ஆடுகள் படுத்திருக்கின்றன. தோப்பில் லாரித் தடம் கூட மூடிவிட்டது. பிரசவம் ஒன்று, இருநூற்றுப் பதிமூன்று, ஆண். ஊர்க் கட்டத்தில் என்ன எழுதினேன் என்பதை இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை.

மாவு வந்தது. சீயக்காய் கேட்டிருந்தேன், வரவில்லை.

மத்தியானம் மிஹ்ரானின் தேடும் கூட்டம் ஒன்று வந்தது. ஆறு பேர், ஆறு ஒட்டகம், ஒரு திசைகாட்டி. தலைவனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது, உதடெல்லாம் வெடித்திருந்தது. உதட்டுக்கு வாஸ்லின் தடவி, குடிக்க மோர் கொடுத்தேன். அவன் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"சகோதரி, இரணியலுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

எங்கள் ஊரில் வழி கேட்டவனுக்குத் தப்பாகச் சொல்லும் பழக்கம் கிடையாது. வெளியே கூட்டிப் போய்க் கை காட்டினேன்.

"தென்கிழக்கே நேராகப் போ. கடல் வரும். அதைத் தாண்டினதும் யாரிடமாவது கேள்."